நெற்றியில் தெரிந்த நோய்: உசியா அரசர் நமக்குக் கற்பிக்கும் பாடம்



"அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இந்தப் பழமொழியை நாமும் பலமுறை சொல்லியிருப்போம். பக்கத்து வீட்டுக்காரர் புதிய கார் வாங்கினால் சொல்கிறோம். நம்மோடு படித்தவர் பதவி உயர்வு பெற்று, வழியில் நம்மைப் பார்த்தும் பாராதவர்போல் போனால் சொல்கிறோம். ஆனால் இந்தப் பழமொழியை ஒருமுறையாவது நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொண்டது உண்டா?

செருக்கு என்னும் பாவத்தின் தனித்தன்மை இதுதான். அது பிறரிடம் இருந்தால் உடனே நம் கண்ணில் படும். நம்மிடம் இருந்தால் கடைசிவரை தெரியாது. குடிப்பவருக்குத் தாம் குடிப்பது தெரியும். பொய் சொல்பவருக்குத் தாம் சொல்வது பொய் என்று தெரியும். செருக்குள்ளவரோ தம்மை நேர்மையானவர், கண்டிப்பானவர், தன்மானம் உள்ளவர் என்றே எண்ணிக்கொள்வார். குருவாகிய நானும் ஒப்புரவு அருட்சாதனத்திற்குச் செல்லும்போது, கோபப்பட்டதைச் சொல்லியிருக்கிறேன். செபத்தில் கவனக்குறைவாக இருந்ததைச் சொல்லியிருக்கிறேன். செருக்கைச் சொல்ல வேண்டும் என்பது பல ஆண்டுகளாக என் நினைவுக்கே வரவில்லை.

மறைக்கல்வி வகுப்பில் நாம் மனப்பாடம் செய்த தலையான பாவங்கள் ஏழு. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 1866) அவற்றை வரிசைப்படுத்தும்போது செருக்கையே முதலில் வைக்கிறது. 604ஆம் ஆண்டு இறந்த திருத்தந்தை புனித பெரிய கிரகோரியார், மற்றப் பாவங்கள் எல்லாம் முளைக்கும் வேராகவே செருக்கைக் கண்டார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தீய பண்புகளைப் பற்றித் தம் புதன் மறைக்கல்வி உரைகளில் தொடர்ந்து விளக்கி வந்தபோது, 2024ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் செருக்கைப் பற்றிப் பேசினார். தீய பண்புகளின் வரிசையில் அதைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் இருந்தது. மற்றவற்றை எல்லாம் வென்றுவிட்டோம் என்று நாம் நினைக்கும் அந்த நேரத்தில்தான் இது உள்ளே நுழைகிறது.

திருவிவிலியத்தில் செருக்கால் வீழ்ந்தவர்கள் பலர். பாபேல் கோபுரம் கட்டியவர்கள், பாரவோன், ஆமான், நெபுகத்னேசர், ஏரோது என அப்பட்டியல் நீளும். இவர்களில் பலரை நாம் 'கெட்டவர்கள்' என்று எளிதாக ஒதுக்கிவிடலாம். எனவே இன்று ஒரு நல்லவரைப் பற்றிச் சிந்திப்போம். அவர் யூதாவின் அரசர் உசியா. அவருடைய வாழ்க்கை இரண்டாம் குறிப்பேடு நூலின் 26ஆம் அதிகாரத்தில் எழுதப்பட்டுள்ளது. இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் அந்த ஒரே அதிகாரத்தைக் குடும்பமாக அமர்ந்து வாசிக்குமாறு வேண்டுகிறேன்.

கடவுளைத் தேடிய அரசர்

உசியா கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். அரசர்கள் நூலில் அவருக்கு அசரியா என்னும் பெயரும் உண்டு (2 அர 15:1-7). அரியணை ஏறியபோது அவருக்கு வயது 16. எருசலேமில் 52 ஆண்டுகள் அரசராக இருந்தார். செக்கரியா என்னும் இறையடியாரின் வழிகாட்டுதலில் அவர் கடவுளைத் தேடினார் என்றும், ஆண்டவரைத் தேடிய காலமெல்லாம் அவருக்கு வெற்றி கிடைத்தது என்றும் இறைவார்த்தை கூறுகிறது (2 குறி 26:5).

அவருடைய சாதனைகளைப் பாருங்கள். பெலிஸ்தியரை வென்று, அவர்களுடைய நகர மதில்களைத் தகர்த்தார். அம்மோனியர் அவருக்குக் கப்பம் கட்டினர். எகிப்தின் எல்லைவரை அவர் பெயர் பரவியது. எருசலேமின் வாயில்களில் கோபுரங்கள் எழுப்பினார். பாலைநிலத்தில் காவல்மாடங்கள் கட்டினார்; கால்நடைகளுக்காகத் தண்ணீர்த் தொட்டிகள் பல வெட்டினார். மலைச்சரிவுகளில் திராட்சைத் தோட்டங்களும் விளைநிலங்களும் அவருக்கு இருந்தன. அவர் மண்ணை நேசித்தவர் என்று குறிப்பேட்டு நூலாசிரியர் எழுதுகிறார். அரசர்களைப் பற்றி இப்படிப்பட்ட ஒரு குறிப்பை நாம் அடிக்கடி காண்பதில்லை. உழவரின் உழைப்பை அறிந்த அரசர் அவர்!

அவருடைய படையில் 2,600 குடும்பத் தலைவர்களின் கீழ் 3,07,500 வீரர்கள் இருந்தார்கள். அம்புகளையும் பெருங்கற்களையும் எறிவதற்கென்று வல்லுநர்களைக் கொண்டு பொறிகள் செய்து, கோபுரங்களிலும் மதில் மூலைகளிலும் நிறுவினார்.

இவ்வளவையும் சொன்ன பிறகு நூலாசிரியர் ஒரு சிறு குறிப்புத் தருகிறார். உசியாவுக்கு வியத்தகு முறையில் உதவி கிடைத்தது. அந்த உதவி அவர் வலிமை பெறும்வரை தொடர்ந்தது என்பதே அக்குறிப்பின் பொருள் (26:15). அடுத்த வசனத்தில் கதை திரும்புகிறது. வலிமை பெற்றதும் அவருடைய உள்ளம் மேட்டிமை கொண்டது. அதுவே அவருக்கு அழிவாயிற்று.

அன்பர்களே, வறுமை அவரை வீழ்த்தவில்லை. தோல்வியும் பகைவரும் வீழ்த்தவில்லை. கடவுள் கொடுத்த ஆசீர்வாதமே அவருக்குச் சோதனையாக மாறியது. இந்த ஆபத்தை மோசே முன்பே எச்சரித்திருந்தார். உண்டு நிறைவடைந்து, நல்ல வீடுகள் கட்டி, ஆடுமாடும் பொன்னும் பெருகும்போது, இவை எல்லாம் என் கைவன்மையால் வந்தவை என்று எண்ணி ஆண்டவரை மறந்துவிடாதீர்கள் என்பதே இணைச்சட்ட நூலின் எட்டாம் அதிகாரம் தரும் செய்தி. நம் குடும்பங்களிலும் இது நடக்கிறது அல்லவா? வேலை தேடிய நாள்களில் நாள் தவறாமல் திருப்பலிக்கு வந்த இளைஞரை, வேலை கிடைத்த பிறகு திருவிழாவுக்கு மட்டுமே பார்க்கிறோம். கடன் இருந்த வீட்டில் ஒலித்த மாலைச் செபமாலை, கடன் தீர்ந்ததும் நின்றுவிடுகிறது.

தூபக்கலசத்தோடு உள்ளே சென்றார்

உசியா என்ன தவறு செய்தார்? கொலை செய்தாரா? சிலைகளை வணங்கினாரா? இல்லை. அவர் ஆண்டவரின் கோவிலுக்குள் சென்று தூபப் பீடத்தில் தூபம் காட்ட முனைந்தார். மேலோட்டமாகப் பார்த்தால் இது பக்திச் செயல்தான். ஆனால் தூபம் காட்டும் பணி ஆரோனின் வழிவந்த குருக்களுக்கு மட்டுமே ஒப்படைக்கப்பட்டிருந்தது (விப 30:7-8; எண் 18:7). அரசருக்கு அரண்மனை இருந்தது, படை இருந்தது, நிலம் இருந்தது. தமக்கு இல்லாத ஒன்று இருக்கிறது என்பதை மட்டும் அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

செருக்கு எப்போதும் பாவத்தின் உடையில் வருவதில்லை. பல நேரங்களில் அது பக்தியின் உடையில் வருகிறது. திருவிழாவில் கொடி ஏற்றுவது யார், தேர் முதலில் எந்தத் தெருவுக்கு வர வேண்டும், நன்கொடைக் கல்வெட்டில் யார் பெயர் மேலே இருக்க வேண்டும் என்னும் சண்டைகள் எல்லாம் கடவுளின் பெயரால்தானே நடக்கின்றன? இயேசு சொன்ன உவமையில் பரிசேயர் நின்றதும் கோவிலில்தான். அவர் செய்ததும் செபம்தான் (லூக் 18:9-14). நோன்பும் பத்திலொரு பங்கும் அவர் வாழ்வில் உண்மையாகவே இருந்தன. ஆனாலும் அவர் தம்மையும் அருகில் நின்ற வரிதண்டுபவரையும் ஒப்பிட்டுப் பார்த்ததோடு அவருடைய செபம் முடிந்துபோயிற்று.

அரசரின் பின்னாலேயே குரு அசரியா உள்ளே சென்றார். அவரோடு துணிவுமிக்க குருக்கள் 80 பேர் சென்றனர். அவர்கள் அரசரைத் தடுத்து, இது உமக்கு உரிய பணி அன்று, வெளியே செல்லும் என்று கூறினார்கள். இங்கே ஒன்றைக் கவனிப்போம். அரசரை எதிர்த்து நின்ற அசரியாவிடம் செருக்கு இல்லை. தாழ்ச்சி என்றால் அநீதியைக் கண்டும் வாய்மூடி இருப்பது என்று சிலர் தவறாக நினைக்கிறார்கள். கணவர் கைநீட்டும்போதும், முதலாளி கூலியைக் குறைக்கும்போதும், 'தாழ்ச்சியாக இரு' என்று அறிவுரை சொல்பவர்களும் உண்டு. அது தாழ்ச்சி அல்ல. உண்மைக்காக, உயிருக்கு ஆபத்து வரும் என்று தெரிந்தும் நின்றாரே அசரியா, அதற்கும் தாழ்ச்சி வேண்டும்.

நோய் எப்போது வந்தது?

இப்போது இந்த நிகழ்ச்சியின் முக்கியமான இடத்திற்கு வருகிறோம். உசியாவின் நெற்றியில் தொழுநோய் தோன்றியது என்பது பலருக்குத் தெரியும். எப்போது தோன்றியது? அவர் கோவில் வாசலைத் தாண்டியபோதா? இல்லை. தூபக்கலசத்தைக் கையில் எடுத்தபோதா? அப்போதும் இல்லை. 19ஆம் வசனத்தைக் கவனமாக வாசியுங்கள். குருக்கள் அவரைத் திருத்தியபோது அவர் சினம் கொண்டார். அவர் குருக்கள்மீது சீறிக்கொண்டிருந்தபோதே, தூபப் பீடத்தின் அருகில், அவர்கள் கண்முன்னே அந்த நோய் வெளிப்பட்டது.

அதுவரை கடவுள் பொறுத்திருந்தார். திரும்பிச் செல்ல உசியாவுக்கு வழி திறந்தே இருந்தது. "நான் எல்லை மீறிவிட்டேன்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். தவறு செய்ததை விட, தவறைச் சுட்டிக்காட்டியவரைப் பகைத்ததே அவரை வீழ்த்தியது. செருக்கை உள்ளத்தில் மறைத்துவைக்க முடியும். ஆனால் யாராவது நம்மைத் திருத்தும்போது அது முகத்தில் வந்து நின்றுவிடும். உசியாவுக்கு நெற்றியில் வந்து நின்றது.

இங்கே ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. விவிலியத்தில் 'தொழுநோய்' என்று மொழிபெயர்க்கப்படும் எபிரேயச் சொல் பலவகைத் தோல் நோய்களைக் குறிக்கும் பொதுச்சொல். இன்று நாம் அறிந்திருக்கும் தொழுநோய் ஒரு கிருமியால் வருவது. கூட்டு மருந்துச் சிகிச்சையால் முழுமையாகக் குணமாகக்கூடியது. நோயுற்ற ஒருவரைப் பார்த்து, இவர் என்ன பாவம் செய்தாரோ என்று நினைப்பதை இயேசுவே மறுத்துவிட்டார் (யோவா 9:1-3). உசியாவின் நிகழ்ச்சியை வைத்து எந்த நோயாளியையும் நாம் தீர்ப்பிடக் கூடாது. அப்படித் தீர்ப்பிடுவதும் செருக்கின் ஒரு வடிவமே.

என் வாழ்வில் நடந்தது

நான் பங்குத்தந்தையாகப் பொறுப்பேற்ற தொடக்க ஆண்டுகளில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். அந்தப் பங்கின் கோவிலுக்கு மேற்கூரை மாற்றி, பீடத்தைப் புதுப்பித்து, முன்புறம் ஒரு கெபியும் கட்டினோம். வேலை முடிந்த ஞாயிறு அன்று மறையுரைக்குப் பதிலாக இருபது நிமிடம் அந்த வேலையைப் பற்றியே பேசினேன். எத்தனை அலுவலகங்களுக்கு நடந்தேன், யார் யாரைச் சந்தித்தேன், எவ்வளவு பணம் திரட்டினேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மக்கள் கைதட்டினார்கள். எனக்கு மனம் நிறைந்திருந்தது.

திருப்பலி முடிந்து உடை மாற்றிக்கொண்டிருந்தபோது எங்கள் உபதேசியார் உள்ளே வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். என் திருவுடையை மடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "சாமி, எல்லாம் நல்லாச் சொன்னீங்க. மண்ணு சுமந்த பொம்பளைங்களைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அவர் சொன்னது உண்மை. மூன்று மாதங்களாகத் தினமும் மாலையில், வயல் வேலை முடித்து வந்த பெண்கள்தான் மணலும் செங்கல்லும் சுமந்தார்கள். ஒரு ரூபாய்கூடக் கூலி வாங்கவில்லை. உண்மை என்று தெரிந்ததாலேயே எனக்குக் கோபம் வந்தது. "கோவில்ல என்ன பேசணும்னு நீங்க எனக்குச் சொல்லித் தரணுமா?" என்று கேட்டேன். அவர் பதில் பேசவில்லை. மடித்த உடையை அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான்கு ஆண்டுகள் குருமடத்தில் இறையியல் படித்திருக்கிறேன், பட்டம் வாங்கியிருக்கிறேன். உசியாவின் அதிகாரத்தையும் வகுப்பில் படித்தவன்தான். ஆனால் அன்று என் கையில் இருந்தது அவருடைய தூபக்கலசம் என்பது எனக்குத் தெரியவில்லை.

எட்டு மாதங்கள் கழித்து அவர் நோயுற்றுப் படுத்திருந்தபோது நற்கருணை கொடுக்கச் சென்றேன். அன்றுதான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "அதை விடுங்க சாமி. அந்தப் பொம்பளைங்க பேரை மட்டும் ஒருநாள் வாசிச்சிருங்க" என்றார். அடுத்த ஞாயிறு திருப்பலியின் இறுதியில் 43 பெயர்களையும் வாசித்தேன். யாரும் கைதட்டவில்லை, கோவில் அமைதியாக இருந்தது. அந்த 43 பேரில் ஒருவர் அந்த எட்டு மாதங்களுக்குள் இறந்துபோயிருந்தார். அவர் பெயரை வாசித்தபோது அவருடைய மகள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். என் கோபம் எட்டு மாதங்கள் தாமதப்படுத்தியது. அந்த அம்மாவின் காதில் அவருடைய பெயர் விழவே இல்லை.

செருக்கு நமக்கும் கடவுளுக்கும் இடையே மட்டும் உள்ள பிரச்சினை என்று நினைக்கிறோம். அப்படி அல்ல. நம் செருக்குக்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். அந்த விலையைச் சில நேரங்களில் திருப்பிக் கொடுக்கவே முடிவதில்லை.

ஒதுக்கப்பட்ட வீடு, ஒதுக்கப்பட்ட கல்லறை

உசியா கோவிலை விட்டு விரைந்து வெளியேறினார். இறக்கும்வரை தனி வீட்டில் வாழ்ந்தார். அவருடைய மகன் யோத்தாம் அரண்மனைப் பொறுப்பை ஏற்று மக்களை ஆண்டார். ஆண்டவரின் இல்லத்திற்குள் உசியா மீண்டும் செல்ல முடியவில்லை. தமக்கு உரிமை இல்லாத இடத்திற்குச் சென்றவர், உரிமை இருந்த இடத்தையும் இழந்தார். இறந்த பிறகும் அரசர்களின் கல்லறைக்கு உரிய நிலத்தில், தொழுநோயாளர் என்பதால் தனியே அடக்கம் செய்யப்பட்டார் (26:21-23).

1931ஆம் ஆண்டு எருசலேமின் ஒலிவ மலையில் இருந்த ரஷ்யத் துறவு மடத்தின் சேகரிப்பில், அரமேய மொழியில் எழுதப்பட்ட ஒரு கல் பலகையைத் தொல்லியல் அறிஞர் சுகெனிக் அடையாளம் கண்டார். யூதாவின் அரசராகிய உசியாவின் எலும்புகள் அங்குக் கொண்டுவரப்பட்டன என்றும், கல்லறையைத் திறக்கக் கூடாது என்றும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. அது உசியாவின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, ஆண்டவர் இயேசுவின் காலத்தை ஒட்டி எழுதப்பட்டது. இப்போது எருசலேமிலுள்ள இஸ்ரயேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்று இலட்சம் வீரர்களைக் கொண்டிருந்த அரசருக்குக் கடைசியில் மிஞ்சியது, 'திறக்காதே' என்று சொல்லும் ஒரு கல்!

செருக்கு நம்மையும் இப்படித்தான் தனிமைப்படுத்துகிறது. தம்பியோடு பேச்சில்லை, மருமகளோடு பேச்சில்லை, பக்கத்து வீட்டோடு பேச்சில்லை என்று ஒவ்வொரு கதவாக மூடிக்கொண்டு, கடைசியில் தனி வீட்டில் அமர்ந்திருக்கிறோம். ஒரே நற்கருணையை உண்ணும் நமக்குள்ளே சாதியின் பெயரால் உயர்வு தாழ்வு பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் அந்தப் பிரிவினை இருந்து வந்திருக்கிறது. சாதிச் செருக்கு கொண்டவர்கள் தாங்கள் மற்றவர்களை ஒதுக்கிவைத்ததாக நினைக்கிறார்கள். உண்மையில் தனி வீட்டில் வாழ்பவர்கள் அவர்களே. மண்ணும் சாம்பலுமான மனிதருக்குச் செருக்கு எதற்கு என்று சீராக்கின் ஞானம் கேட்கும் கேள்வி (சீஞா 10:9) அவர்களுக்கும் உரியது, நமக்கும் உரியது.

திருத்தப்பட்ட மூவர்

உசியாவைப் போலவே திருத்தப்பட்ட மூன்று பேரைத் திருவிவிலியம் நமக்குக் காட்டுகிறது.

முதலாமவர் தாவீது. அவர் செய்தது உசியாவின் குற்றத்தை விடப் பன்மடங்கு கொடியது. பத்சேபாவை அபகரித்தார், உரியாவைச் சாகச் செய்தார். இறைவாக்கினர் நாத்தான் வந்து, அந்த மனிதர் நீரே என்று சுட்டிக்காட்டியபோது, அவரைச் சிறையிலடைக்கத் தாவீதுக்கு அதிகாரம் இருந்தது. ஆனால் அவர், தாம் ஆண்டவருக்கு எதிராகப் பாவம் செய்ததாக அறிக்கையிட்டார் (2 சாமு 12:1-13). விளைவுகளை அவர் சுமக்க வேண்டியிருந்தது; ஆனால் கடவுளோடு உள்ள உறவு மீண்டும் கிடைத்தது.

இரண்டாமவர் நாமான். சிரியாவின் படைத்தலைவர், தொழுநோயாளர். எலிசா வெளியே வந்துகூடப் பார்க்காமல், யோர்தானில் ஏழு முறை மூழ்கும்படி ஆள் அனுப்பிச் சொன்னபோது, அவருடைய செருக்கு காயப்பட்டது. தம் நாட்டு ஆறுகள் இதைவிட மேலானவை அல்லவா என்று சினந்து திரும்பினார். அப்போது அவருடைய வேலைக்காரர்கள் அவரை அணுகி அன்போடு எடுத்துச் சொன்னார்கள். நாமான் அதைக் கேட்டார், ஆற்றில் இறங்கினார், நலமடைந்தார் (2 அர 5:1-14). நலம் கிடைக்கும் என்ற செய்தியே அவர் வீட்டில் வேலைசெய்த ஓர் அடிமைச் சிறுமியிடமிருந்துதான் வந்தது என்பதையும் மறக்க வேண்டாம். குருக்கள் சொல்லியும் கேளாத உசியா நோயாளி ஆனார். வேலைக்காரர் சொல்லைக் கேட்ட நாமான் நோய் நீங்கினார்.

மூன்றாமவர் எசாயா. உசியா அரசர் இறந்த அதே ஆண்டில் அவர் ஆண்டவரைக் காட்சியில் கண்டார் (எசா 6:1-8). மண்ணக அரசரின் அரியணை வெறுமையானபோது, என்றும் வெறுமையாகாத அரியணையை அவர் கண்டார். உடனே தம் உதடுகள் தூய்மையற்றவை என்று கதறினார். அப்போது ஒரு சேராபீன் பீடத்திலிருந்து நெருப்புப் பொறியை எடுத்துவந்து அவர் வாயைத் தொட்டு, அவரைத் தூய்மையாக்கினார். கோவில், பீடம், நெருப்பு ஆகியவை இரு நிகழ்ச்சிகளிலும் உண்டு. நெருப்பைத் தாமே கையில் ஏந்திச் சென்ற அரசர் தூய்மையற்றவராக வெளியேறினார். தாம் தூய்மையற்றவர் என்று ஏற்றுக்கொண்ட இறைவாக்கினருக்கு நெருப்பு கொடையாக வந்தது.

வெளியே சென்ற ஆண்டவர்

இவர்கள் எல்லாரையும் விட மேலாக நம் கண்முன் நிற்பவர் ஆண்டவர் இயேசு. அவர் கடவுளின் தன்மையில் விளங்கியும், அதைப் பற்றிப்பிடித்துக்கொள்ளாமல் தம்மை வெறுமையாக்கி, சிலுவைச் சாவுவரை தம்மைத் தாழ்த்தினார் என்று பவுல் அடிகளார் பிலிப்பியருக்கு எழுதுகிறார் (பிலி 2:6-8).

மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் தொழுநோயாளர் ஒருவர் அவர்முன் முழந்தாள்படியிடுகிறார். இயேசு அவரைத் தொட்டு நலமாக்குகிறார். அந்த மனிதர் ஊருக்குள் சென்று எல்லாருக்கும் அறிவிக்கிறார். அதன்பின் இயேசு ஊருக்குள் வெளிப்படையாகச் செல்ல முடியாமல், வெளியே தனிமையான இடங்களில் தங்கியிருந்தார் (மாற் 1:40-45). ஒதுக்கப்பட்டவர் உள்ளே சென்றார். ஆண்டவர் வெளியே நின்றார்! இறுதியில் அவர் நகர வாயிலுக்கு வெளியே துன்புற்றார் (எபி 13:12). உரிமையில்லாத உசியா உள்ளே நுழைந்து தமக்கே அழிவைத் தேடிக்கொண்டார். எல்லா உரிமையும் உள்ள ஆண்டவர் வெளியே சென்று நமக்கு மீட்பைத் தந்தார்.

நாம் என்ன செய்யலாம்?

பெருமைப்படுவது எல்லாம் பாவமா என்று சிலர் கேட்பதுண்டு. மகள் தேர்வில் வெற்றிபெற்றால் மகிழ்வதும், செய்த வேலையைச் செம்மையாகச் செய்தோம் என்று நிறைவடைவதும் பாவமல்ல. 'இது எனக்குக் கொடுக்கப்பட்டது' என்பதை மறப்பதே செருக்கு. அதேபோல், நான் எதற்கும் உதவாதவன் என்று புலம்புவது தாழ்ச்சி ஆகாது. அவிலா நகர் புனித தெரேசா (1515-1582) தாழ்ச்சியை உண்மையில் நடப்பது என்று விளக்கினார். திறமை இருந்தால் இருக்கிறது என்று ஏற்று, அதைக் கொடுத்தவருக்கு நன்றி சொல்வதும் உண்மையில் நடப்பதே.

நடைமுறையில் நான்கு வழிகளைப் பரிந்துரைக்கிறேன்.

1. உங்களைத் திருத்துவதற்கு உரிமையுள்ள ஒருவரை வாழ்வில் வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் மனைவியாக, கணவராக, நண்பராக, ஆன்மீக வழிகாட்டியாக இருக்கலாம். "நான் தவறும்போது சொல்லுங்கள்" என்று அவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

2. யாராவது உங்களைத் திருத்தினால், உடனே பதில் சொல்லாதீர்கள். ஒரு நாள் பொறுத்திருங்கள். அவர் சொன்னதில் உண்மை எவ்வளவு என்று செபத்தில் கேளுங்கள். சொன்ன விதம் தவறாக இருந்தாலும் சொன்ன செய்தி சரியாக இருக்கலாம்.

3. உதவியவர்களுக்குப் பெயர் சொல்லி நன்றி கூறுங்கள். வீட்டில், அன்பியத்தில், பணியிடத்தில், காலம் தாழ்த்தாமல் கூறுங்கள்.

4. அடுத்த முறை ஒப்புரவு அருட்சாதனத்திற்குச் செல்லும்போது, கோபத்தை அறிக்கையிடுவதற்கு முன் அந்தக் கோபத்தின் வேரைத் தேடிப் பாருங்கள். அங்கே செருக்கு இருந்தால் அதையும் அதன் பெயரைச் சொல்லியே அறிக்கையிடுங்கள்.

குருக்களாகிய எங்களுக்கும் இது பொருந்தும். எங்களுக்கே முதலில் பொருந்தும். 2014ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் வத்திக்கான் தலைமைச் செயலக அலுவலர்களிடம் 15 ஆன்மீக நோய்களைப் பட்டியலிட்டார். தாம் இல்லாமல் எதுவும் நடக்காது என்று எண்ணுவதே அவற்றுள் முதலாவது. அதற்கு மருந்தாக, கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று பெயர்களைப் பார்த்து வரும்படி கூறினார். தாங்கள் இல்லாமல் உலகம் இயங்காது என்று எண்ணிய பலர் அங்கே உறங்குகிறார்கள்.

எங்களில் ஒருவர் தூபக்கலசத்தோடு தவறான பீடத்தை நோக்கிச் செல்வதை நீங்கள் கண்டால், அன்போடும் துணிவோடும் எடுத்துச் சொல்லுங்கள். எங்களுக்குக் கோபம் வரலாம். அப்போதும் எங்களுக்காகச் செபியுங்கள்.

சிந்திக்க:

கடந்த ஓராண்டில் என்னைத் திருத்த முயன்றவர் யார்? அவரிடம் நான் எப்படி நடந்துகொண்டேன்?

நான் பெயர் சொல்லி நன்றி கூறாமல் விட்டவர்கள் யார் யார்? அவர்களில் எத்தனை பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்?

செபம்:

அன்பின் ஆண்டவரே, நாங்கள் வலிமை குன்றி இருந்தபோது எங்களுக்குத் துணைநின்றீர். நாங்கள் வலிமை பெற்றபோது உம்மை மறந்தோம். எங்களைத் திருத்த நீர் அனுப்பும் மனிதர்களின் குரலில் உம் குரலைக் கேட்க எங்களுக்குக் கற்றுத்தாரும். நாங்கள் மூடிவைத்த கதவுகளைத் திறக்கும் துணிவைத் தாரும். எங்களுக்காக நகர வாயிலுக்கு வெளியே சென்ற உம் திருமகன் இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.